காப்பு வீரர் சத்தியன்

நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தென்கோடியில், பாறசாலைக்கு மேற்கே கடலோரத்தில் அமைந்த பொழியூரில் மீனவ இளைஞர் மணலில் பந்துதைப்பது அன்றாடக் காட்சி. எல்லைக்கு அப்பால் தூத்தூரிலும் அவ்வாறே. 1956-ம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நாஞ்சில் நாட்டையும் விளவங்கோட்டையும் சென்னை மாகாணத்தோடு சேர்த்த எல்லைக்கோடு, இந்த ஆட்டத்தைப் பிரிக்கவில்லை. இவ்வெல்லையின் இரு புறத்தாரும் உரிமை கொண்டாடத் தக்க ஆட்டக்காரர் ஒருவர் உண்டு. அவர் வி. பி. சத்தியன்.

கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்த சத்தியன் பிறந்தது 1965-ல். கோல் அடிப்பவரை ஊரே தோளில் தூக்கும். கோலைத் தடுப்பவரையோ, தவறிய அன்றுதான் நினைக்கும். சத்தியன் ஏற்றது அந்த நன்றியற்ற இடம்: கோல் காப்பாளருக்கு முன்னே, நடுவில் நின்று எதிரியை மறிக்கும் பணி. எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறிக்கும் இடமாதலால் அடியும் அங்கேதான் மிகுதி.

அக்காலத்தில் ஆட்டக்காரருக்குச் சோறிட்டது கழகம் அன்று, உத்தியோகம். போலீஸ் இலாகா, வங்கி, ரயில்வே போன்றவை வேலை கொடுத்து அணி அமைத்தன. சத்தியன், விஜயன், பாப்பச்சன், ஷரபலி ஆகியோரைக் கொண்ட கேரளப் போலீஸ் அணி 1990-லும் 1991-லும் பெடரேஷன் கோப்பையை வென்றது. 1992-ல் கோயம்புத்தூரில் நடந்த சந்தோஷ் கோப்பை இறுதியாட்டத்தில், அவர் தலைமையில் கேரளம் கோவாவை 3-0 என வீழ்த்தியது. 1973-க்குப் பின் கேரளம் கண்ட முதல் வெற்றி அது. கிடைத்ததோ தமிழ் மண்ணில்! கல்கத்தாவின் பெருங்கழகங்களிலும் ஆடிய அவர், பின்னர்ச் சென்னை இந்தியன் வங்கியில் சேர்ந்தார். 1995-ல் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அவரை ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தது. அவ்வாண்டே சென்னையில் நடந்த தெற்காசியப் போட்டியில் இந்தியா தங்கம் பெற்றது.

காலில் நேர்ந்த காயங்களை ஆறவிடாமல் ஆடியவர் அவர். களத்தை விட்ட பின்பும் அந்த நோவு விடவில்லை. மனச்சோர்வும் வந்து கூடியது. இன்று இது மருத்துவம் உள்ள நோய் என்பது பலருக்கும் தெரியும். அன்று, இந்தியாவின் தலைவனாய் நின்றவன் மனம் தளர்ந்தேன் என்று வாய்விட்டுச் சொல்வது எளிதாயிருக்கவில்லை. உத்தியோகம் தந்த நிறுவனங்கள் ஊதியத்தை நிறுத்தவில்லை என்பது மெய்தான். ஆனால் பதினாயிரம் பேர் ஆரவாரம் கேட்டுப் பழகிய செவிக்கு அலுவலக மேசையின் அமைதி எப்படியிருக்கும் என்று எவரும் எண்ணியதாகத் தோன்றவில்லை.

2006 ஜூலை 18-ந் தேதி, சென்னைப் பல்லாவரத்தில் சத்தியன் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது நாற்பத்தொன்று.

2018-ல் அவருடைய வாழ்க்கை ‘கேப்டன்’ என்னும் மலையாளப் படமாயிற்று. ஜெயசூரியா சத்தியனாக நடித்தார். இரு மொழியும் புழங்கும் பாறசாலைத் தமிழருக்கு அதைப் பார்க்க மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.