தாத்தாவின் வால்வுப் பெட்டியும் அண்ணனின் கிடாரும்

  

போன கோடை லீவுல நான் ஒரு ஆம்ப்ளிஃபயர் செஞ்சேன். ஐ.சி. கிடையாது, டிரான்சிஸ்டர் கிடையாது. கண்ணாடிக் குழாய்க்குள்ளே செக்கச் செவேல்னு எரியுமே, அந்தக் காலத்து வால்வு வச்சுச் செஞ்சது. "கம்ப்யூட்டர் காலத்துல எதுக்குடா இது?"ன்னு நிறைய பேர் கேட்டாங்க. அதுக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. நடுவுல எனக்கு நடக்க இருந்த ஒரு விபத்தையும் சொல்றேன். அதைத் தயவுசெய்து தாண்டிப் போகாமல் படியுங்கள்.

கதை ஆரம்பம்

எங்க தாத்தா ஊரில் ரேடியோ, மைக் செட் ரிப்பேர் கடை வச்சிருந்தவர். கல்யாணம், திருவிழா, மீட்டிங் எதுவானாலும் அவர் செட்டுதான். இப்போ கடை இல்லை. கை நடுங்குது, சால்டரிங் அயர்ன் பிடிக்க முடியாது. ஆனால் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கு. அதுல காகிதத்தில் சுற்றிய பழைய வால்வுகள். சிலதில் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் முத்திரை இருக்கும். ஆமாம், நம்ம நாட்டிலேயே ஒரு காலத்தில் ரேடியோ வால்வு செஞ்சாங்க!

எங்க அண்ணன் எலக்ட்ரிக் கிடார் வாங்கிட்டு வந்தான். ஆம்ப் வாங்கக் காசு பத்தலை. தாத்தா கிடாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "பெட்டியை இறக்குங்கடா"ன்னார். அவ்வளவுதான், வேலை ஆரம்பம்.

கிடாருக்கு ஆம்ப் எதுக்கு?

சாதாரண கிடாருக்குள்ளே பெட்டி மாதிரி வெற்றிடம் இருக்கும், அது சத்தத்தைப் பெருக்கும். எலக்ட்ரிக் கிடார் பெரும்பாலும் கெட்டி மரம். தந்திக்குக் கீழே காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செப்புக் கம்பியும் இருக்கும். இதுக்குப் பேர் பிக்கப். எஃகுத் தந்தி ஆடினால் காந்தப் புலம் மாறும், கம்பிச்சுருளில் மின்னழுத்தம் உண்டாகும். இயற்பியல் பாடத்தில் படிச்ச மின்காந்தத் தூண்டல் இதுதான்! ஆனால் கிடைப்பது ஏறத்தாழ 0.1 வோல்ட். இது ஸ்பீக்கரை அசைக்கவே அசைக்காது. அதைப் பெருக்கித் தருவதுதான் ஆம்ப்ளிஃபயர்.

வால்வு எப்படி வேலை செய்கிறது?

காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய். நடுவில் கேத்தோடு. அதைச் சின்ன ஹீட்டர் 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கும். சூடான கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியே குதிக்கும். வெளிப்புறம் பிளேட். அதற்கு 200, 300 வோல்ட் நேர் மின்னழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரான்கள் அதை நோக்கி ஓடும்.

இரண்டுக்கும் நடுவில் மெல்லிய கம்பி வலை இருக்கு. இதுதான் கிரிட். குழாயடியில் திருகைச் சின்னதாத் திருப்பினால் தண்ணீர் பெருசா கூடிக் குறையுதில்லையா? அதே மாதிரி கிரிடில் சின்ன அசைவு கொடுத்தால், பிளேட் கரண்டில் பெரிய அசைவு வரும். திருகைத் திருப்புவது கிடார், பாய்கிற தண்ணீர் பவர் சப்ளையிலிருந்து வருவது.

*உங்களுக்குத் தெரியுமா?*
★ சூடான இழையிலிருந்து வெற்றிடத்தில் மின்சாரம் பாய்வதை 1880களில் எடிசன் கவனித்தார்.
★ 1904-இல் ஃபிளெமிங் இரண்டு முனை வால்வைச் செய்தார் (டையோடு).
★ 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் நடுவில் கிரிடைச் சேர்த்தார் (டிரையோடு).
★ 1947-இல் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. வால்வின் ராஜ்ஜியம் அதன்பின் மெல்ல மெல்ல முடிந்தது.

அப்போ ஏன் இன்னும் வால்வு?

கிடார்காரர்கள் வால்வை விடவில்லை. காரணம் இருக்கு. சத்தத்தை அளவுக்கு மேல் கூட்டினால் எந்த ஆம்ப்பும் அலையின் உச்சியை வெட்டும். டிரான்சிஸ்டர் ஆம்ப் பெரும்பாலும் கத்தியால் நறுக்கின மாதிரி வெட்டும், காதுல கரகரன்னு குத்தும். வால்வோ உச்சியை மெதுவாக வளைக்கும். அதிலும் ஒரே ஒரு பவர் வால்வு உள்ள ஆம்ப் இரண்டாவது ஹார்மானிக்கைக் கூட்டித் தரும். அதாவது வாசிக்கிற ஸ்வரத்தோட மேல் ஸ்தாயி ஸ்வரமும் லேசா சேர்ந்து ஒலிக்கும். அதனால்தான் கேட்க நிறைவா இருக்கு.

நாங்கள் செய்தது லியோ ஃபெண்டரின் 'சாம்ப்' என்ற 1950களின் சின்ன ஆம்ப்பை ஒட்டிய சர்க்யூட். அவர் 1938-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை தொடங்கியவர். அவருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாதாம்! இதைச் சொன்னதும் தாத்தா, "எனக்கும்தான் பாடத் தெரியாது, ஊரே என் மைக்குலதான் பாடிச்சு"ன்னு சிரிச்சார்.

தேவையான பொருட்கள்

1. 12ஏஎக்ஸ்7 வால்வு – 1. உள்ளே இரண்டு டிரையோடு இருக்கு. ஐரோப்பிய நம்பர் இசிசி83, இரண்டும் ஒண்ணுதான். பழைய மைக் செட்டிலிருந்து கழற்றியது.
2. 6வி6 பவர் வால்வு – 1. ஸ்பீக்கரை ஓட்டுவது இதுதான்.
3. 5ஒய்3 ரெக்டிஃபயர் வால்வு – 1. ஏ.சி.யை டி.சி. ஆக்கும்.
4. மெயின் டிரான்ஸ்பார்மர் – 230 வோல்ட்டிலிருந்து 275-0-275, 6.3, 5 வோல்ட்டுகள் தருவது.
5. அவுட்புட் டிரான்ஸ்பார்மர், 8 ஓம் ஸ்பீக்கர், வால்வு சாக்கெட்டுகள்.
6. 450 வோல்ட் தாங்கும் 22 மைக்ரோ ஃபாரட் கன்டென்சர் – 3. மற்ற கன்டென்சர், ரெசிஸ்டன்ஸ், வால்யூம் கன்ட்ரோல், ஃபியூஸ், ஸ்விட்ச்.
7. அலுமினியத் தகட்டில் வளைத்த சேஸிஸ்.

6வி6-உம் பெட்டியிலேயே இருந்தது. வால்வு சாக்கெட்டும் கன்டென்சரும் அண்ணன் சென்னை போனப்போ ரிச்சி தெருவில் தேடி வாங்கினான். டிரான்ஸ்பார்மர் இரண்டையும் காயில் கட்டும் கடையில் கொடுத்தோம்.

செய்த முறை

முதல் வேலை எர்த். மூன்று முனை பிளக்கின் எர்த் ஒயரைச் சேஸிஸில் போல்ட் போட்டு இறுக்கினோம். "மத்ததெல்லாம் அப்புறம்"ன்னார் தாத்தா.

அடுத்து ஹீட்டர் ஒயர். இதில் ஏ.சி. ஓடுவதால் பக்கத்து ஒயர்களில் ஹம் ஏறும். அதனால் இரண்டு ஒயரையும் சடை மாதிரி முறுக்கி, சேஸிஸ் ஓரமாகக் கொண்டு போனோம்.

பிறகு ரெக்டிஃபயரும் கன்டென்சர்களும். கன்டென்சருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டன்ஸ் ஒன்று. இதுக்கு பிளீடர்னு பேரு. ஸ்விட்சை அணைத்த பிறகு கன்டென்சரில் தங்கும் மின்சாரத்தை வடிக்கிற வேலை இதுக்கு. ஒரு நிமிஷத்தில் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்துடணும்.

முதல் தடவை போடும்போது சீரிஸ் போர்டில் 60 வாட் பல்பு வழியாகத்தான் கொடுத்தோம். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சுனு எரியும், வால்வும் டிரான்ஸ்பார்மரும் தப்பிக்கும். பல்பு லேசாத்தான் எரிஞ்சுது. அப்புறம் நேரா கொடுத்து அளந்தோம். மற்ற இரண்டு வால்வும் செருகாததால் லோடு இல்லை. மீட்டரில் 385 வோல்ட். கணக்கும் சரி: 275 × 1.414 = 389.

நடக்க இருந்த விபத்து

ஸ்விட்சை அணைச்சோம், பிளக்கையும் பிடுங்கிட்டோம். இரண்டு நிமிஷம் ஆச்சு. ஒரு ஒயர் கொஞ்சம் தள்ளி நிற்கிற மாதிரி தெரிஞ்சுது. இடது கையால சேஸிஸைப் பிடிச்சுக்கிட்டு, வலது கையை உள்ளே நீட்டினேன்.

"டேய்! கையை எடு!"

தாத்தா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. நடுங்குற கையாலயே என் மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்துட்டார். "மீட்டர் வச்சியா?"ன்னு கேட்டார். இல்லைன்னு தலையாட்டினேன். வச்சுப் பார்த்தா 342 வோல்ட்! பிளக்கே இல்லாத செட்டில்!

என்ன காரணம்? பிளீடரின் ஒரு கால் டிரை சால்டர். ஈயம் மேலே பளபளன்னு உட்கார்ந்திருக்கு, உள்ளே ஒட்டவே இல்லை. பத்த வச்சது நான்தான். வால்வுகள் செருகியிருந்தாலாவது, சூடு ஆறும்வரை அதுங்க கொஞ்சம் வடிச்சிருக்கும். அன்னைக்கு அதுவும் இல்லை.

மூன்று கன்டென்சரும் சேர்ந்து 66 மைக்ரோ ஃபாரட். ½CV² சூத்திரத்தில் 342 வோல்ட்டைப் போட்டால் கிட்டத்தட்ட 4 ஜூல். பரீட்சைக்கு எழுதுறப்போ அது வெறும் எண்ணு. அன்னைக்கு வலது கையிலிருந்து இடது கைக்கு, நடுவில் என் நெஞ்சு வழியாகப் போக இருந்தது அந்த 4 ஜூல். உயிருக்கே ஆபத்தாகியிருக்கலாம்.

தாத்தா ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவா சொன்னார்: "ஆஃப் பண்ணிட்டேன்னு நீ நினைக்கிறது வேற கண்ணு, மீட்டர் சொல்றது வேற. மீட்டர் சொல்ற வரைக்கும் அது ஆன்லதான் இருக்கு." அன்னைக்கு வேலை அத்தோட நின்னுது. மறுநாள்தான் மறுபடி தொட விட்டார். அதுவும் ஒரு நிபந்தனையோட: இடது கை பாக்கெட்டுக்குள்ளே. ஒரு கை மட்டும் உள்ளே போனால், மின்சாரம் நெஞ்சு வழியா கடக்கிற வாய்ப்பு குறையும்.

சத்தம் வந்துச்சு, ஆனால்...

மூணு வால்வும் செருகி ஆன் பண்ணினதும் "கீஈஈஈ"ன்னு ஒரே அலறல்! இந்த சர்க்யூட்டில் ஸ்பீக்கரிலிருந்து கொஞ்சம் சிக்னலை இரண்டாவது டிரையோடுக்குத் திருப்பி அனுப்புறாங்க. அது எதிர்த் திசையில் போனால் சத்தம் சீராகும், அதே திசையில் போனால் அலறும். அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் இரண்டு ஒயரை இடம் மாத்தினோம். அலறல் நின்னுது.

ஆனால் அடி ஸ்வரமே இல்லை, தகர டப்பாவுக்குள்ளே வாசிச்ச மாதிரி. தாத்தா அவுட்புட் டிரான்ஸ்பார்மரைப் பிரிக்கச் சொன்னார். இரும்புத் தகடுகளை ஒன்று மாற்றி ஒன்று அடுக்கியிருந்தாங்க. மெயின் டிரான்ஸ்பார்மருக்கு அது சரி. ஆனால் இதன் வழியாக எப்போதும் டி.சி. பாயுது, அதனால் இரும்பு காந்தம் நிறைஞ்சு திணறும். ஒரே வடிவத் தகடுகளை ஒரு பக்கமாக அடுக்கி, நடுவில் காகிதத்துண்டு வச்சு இடைவெளி விடணும். கடைக்காரர் மேல தப்பில்லை, நாங்கதான் சொல்லலை. தாத்தா சொல்லச் சொல்ல நானே அடுக்கினேன். அடி ஸ்வரம் வந்துடுச்சு!

கடைசியாக 6வி6 சரியாக ஓடுதான்னு பார்த்தோம். கேத்தோடில் 470 ஓம் ரெசிஸ்டன்ஸ், அதன் குறுக்கே 17 வோல்ட். ஓம் விதிப்படி 17 ÷ 470 = 0.036 ஆம்பியர். வால்வு தாங்குற அளவுக்குள்தான் இருக்கு. எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ, படிச்ச பாடம் எங்கே வந்து நிக்குது பாருங்க!

அண்ணன் முதல் கார்டை வாசிச்சான். 4 வாட்தான், ஆனா வீடு நிறைஞ்சுது. தாத்தா கண்ணை மூடிக்கிட்டு 6வி6-இன் சூடு முகத்தில் படுற மாதிரி கிட்ட உட்கார்ந்திருந்தார். "கடை திறந்திருக்கிற மாதிரி இருக்கு"ன்னார். வேற எதுவும் சொல்லலை.

எச்சரிக்கை!!!

✗ வால்வு செட்டைத் தனியாகச் செய்யவே கூடாது. அனுபவமுள்ள பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.
✗ பிளக்கைப் பிடுங்கினாலும் மீட்டர் வைக்காமல் கை வைக்கக் கூடாது.
✗ ஸ்பீக்கர் இணைக்காமல் ஆன் செய்யக் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும்.
✗ ஈரக் கை, வெறுங்கால், தூக்கக் கலக்கம் மூன்றும் கூடாது.

ஆசையா இருக்கிறவங்க முதலில் எல்.எம்.386 ஐ.சி.யும் 9 வோல்ட் பேட்டரியும் வச்சு ஒரு சின்ன ஆம்ப் செஞ்சு பழகுங்க. அதுல ஷாக் பயம் இல்லை, பெருக்கும் தத்துவமும் புரியும்.

மூளைக்கு வேலை

எங்கள் அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் சுற்று விகிதம் 25 : 1. 25-ஐ வர்க்கப்படுத்தினால் 625. அதனால் 8 ஓம் ஸ்பீக்கர் வால்வுக்கு 625 × 8 = 5000 ஓம் மாதிரி தெரியும். 6வி6-க்கு வேண்டியது அதுதான். 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் வால்வுக்கு எத்தனை ஓம் தெரியும்? விடையைத் துண்டுச் சீட்டில் எழுதி என்னிடம் கொடுங்கள். சரியாகச் சொல்பவர்கள் எங்க வீட்டுக்கு வந்து ஆம்ப்பைப் பார்க்கலாம். தாத்தா டீ போடச் சொல்லுவார்!

– +1 'அ' பிரிவு மாணவன்