கதவு ஏன் இறுகுது?

லயத்துக் காம்பராவின் கதவு மூட மாட்டேன் என்கிறது. கோமாளி தோளால் இடிக்கிறான், காலால் உதைக்கிறான். குற்றம் முதலில் தச்சன் மேல். பிறகு மாமியார் மேல். நேற்று ஓங்கிச் சாத்தினாளாம். பொண்டாட்டி மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்: "ஏங்க, போன கிழமை இந்த வெடிப்புல என் விரல் போகல. இப்ப போகுது. கதவு கோணல் இல்ல, மலைதான் எறங்குது."

இப்படியொரு கூத்தை நான் பார்த்ததில்லை. பதுளைத் தோட்டமொன்றில் பார்க்க ஆசை. கதவு இறுகுவதும், சுவர் வெடிப்பதும், மரம் சாய்வதும், பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குவதும் மண்சரிவின் முன்னறிகுறிகள். அறிவித்தலாக ஒட்டினால் மழையில் கரைந்துவிடும். மாமியாரோடு சேர்த்துச் சொன்னால் மறக்காது.

கதவை விட்டு அடுப்படிக்குப் போவோம். ரொட்டி மாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் ஒட்டி நிற்கிறது. கூடினால் கையிலிருந்து வழிகிறது. மலைச்சரிவும் அப்படித்தான். ஈரம் ஓரளவு வரை மண்ணைப் பிடித்து வைக்கும். துளைகள் நிரம்பியதும் உள்ளே தேங்கிய தண்ணீரின் அழுத்தம் மண்துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்குகிறது. உராய்வு குறைகிறது, சரிவு நகர்கிறது.

இதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எண்கள் வைத்திருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு. 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், வெளியேற வேண்டும். பக்கங்கள் நேராக உள்ள ஒரு டின்னை முற்றத்தில் வைத்தால், 75 என்பது ஏறக்குறைய நடுவிரல் உயரம். டின்னின் வாய் அகலமோ குறுகலோ, நிற்கும் உயரம் ஒன்றேதான். வகுப்பறையில் பலரைக் குழப்பும் இடம் இது. கோமாளிக்கோ விருந்து: பெரிய பீப்பாயைத் தூக்கி வந்து "எங்க லயத்துலதான் பெரிய மழை" என்று அவன் சண்டை போட, அளவுகோலைப் போட்டுப் பார்த்தால் இரண்டிலும் ஒரே விரல்.

சிரிப்பையும் அறிவியலையும் சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், நந்தனாரைக் கிந்தனாராக்கி, கோயிலுக்குப் பதில் படிப்பைத் தேடிப் போக வைத்தார். மக்கள் அறிவியல் அமைப்பான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1980இல் கலைஜாதா என்னும் கலைப் பயணத்தோடு ஊர் ஊராகப் போனது. 1987 ஒக்டோபர் 2ஆம் திகதி இந்தியாவின் ஐந்து முனைகளிலிருந்து கிளம்பிய மக்கள் அறிவியல் ஜாதாக்கள் நவம்பர் 7ஆம் திகதி போபாலில் கூடின. தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அந்த வழியில் வந்ததுதான். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆய்வாளர்களே மேடையேறிச் சிரிக்க வைக்கும் 'பிரைட் கிளப்' 2009இல்தான் தொடங்கியது. நமக்கு அவர்கள் தம்பிமார்.

தோட்டத்தில் மேடையும் தயாராக இருக்கிறது. காமன் கூத்தில் தப்புச் சத்தத்துக்கு நடுவே கோமாளி யாரையும் கேலி செய்யலாம், துரையைக்கூட. தஞ்சைப் பக்கத்து லாவணியில் காமன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் விடியும்வரை வாதாடுவார்கள். பெரியவர் சொன்னார் என்பதற்காக விட்டுக்கொடுக்காத அந்தப் பிடிவாதம் ஆய்வுகூடத்துக்கும் வேண்டியது.

ஆனால் சிரிப்பு ஒரு இடத்தில் நின்றுபோகும். 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தோம் என்று அதிகாரிகள் பின்னர் சொன்னார்கள். எச்சரிக்கை கேட்டவருக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லை. "போ என்கிறீங்க, எங்க போக?" என்று கோமாளியே கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. காமன் கூத்து நடப்பது மாசியில்; காமனை எரிக்கும்போது பதுளையில் பெருமழை ஓய்ந்திருக்கும். மலை இளகுவது ஐப்பசி தொடங்கித்தான். 2014இல் தீபாவளி ஒக்டோபர் 22. மலை சரிந்தது சரியாக ஒரு கிழமை கழித்து. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் ஊர் திரும்பி, இஸ்தோப்பு நிறைய ஆள் இருக்கும் நாள் தீபாவளிதான். கோமாளி அன்றைக்கு வரட்டும், டின்னையும் எடுத்துக்கொண்டு.