கொரிய அடுப்பும் திருச்சுழிக் கரியும்

"சென்னையில கொரியன் பார்பிக்யூ எங்க நல்லாருக்கும்?" அருப்புக்கோட்டை நண்பர்கள் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். 1996-ல் ஹூண்டாய் இங்கே நிறுவனம் தொடங்கி, இருங்காட்டுக்கோட்டையில் ஆலை கட்டியது. கொரியக் குடும்பங்கள் வந்தன. அவர்களுக்கான உணவகங்களும் சென்னையிலும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமும் வந்தன. தேட வேண்டியது அங்கேதான்.

உட்காரும் முன் ஒன்று கேளுங்கள்: மேசை அடுப்பில் எரிவது கரியா, கேஸா?

கரி நெருப்பைக் கொரியர்கள் 'சுத்புல்' என்பார்கள். சுத் கரி, புல் நெருப்பு. நம்ம 'சுடு' ஞாபகம் வரும். ஆனால் ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து உறவு சொல்லக் கூடாது. 'சம்க்யப்சல்' என்ற பன்றி வயிற்றுக்கறிக்குப் பெரும்பாலும் மசாலாவே கிடையாது. கொழுப்பு உருகித் தணலில் சொட்டி எழும் புகைதான் அதற்கு மணம்.

அந்த மாதிரி தணலுக்குக் கரி எங்க ஊர்ப்பக்கமே இருக்கு. திருச்சுழி சுற்றுவட்டாரத்தில் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, காற்றை அடக்கிப் பல நாள் புகையவிடுவார்கள். இதுதான் கரிமூட்டம். ராத்திரியும் காவல் இருக்கணும். மண்பூச்சு வெடித்துக் காற்று புகுந்தால் அத்தனை உழைப்பும் சாம்பல்.

சென்னை வர முடியாதவர்கள் வெள்ளாட்டுக்கறியை மெல்லிசாக வெட்டி, சோயா, பூண்டு, நல்லெண்ணெயில் ஊறவைத்து, இந்தக் கரியிலேயே சுட்டுப் பாருங்கள். வெட்டவெளியில் மட்டும். அடைத்த அறையில் கரிப்புகை ஆளைக் கொல்லும்.