ஐபாடைச் செருகினால் கம்ப்யூட்டர் படுத்துவிடுகிறதா? ஃபார்மேட் போடும் முன் இதைப் படியுங்கள்

ஆடித்தபசுக்காகச் சென்னையில் இருந்து சங்கரன்கோவில் வீட்டுக்கு வருகிறார் ஒரு ஐ.டி. ஊழியர் என்று வைத்துக்கொள்வோம். பீரோவில், சித்தப்பா சிங்கப்பூரில் இருந்து வாங்கிவந்த பழைய ஐபாட். கோயில் கொடையில் அப்பா கேசட்டில் பதிந்த வில்லுப்பாட்டு அதில்தான் இருக்கிறது. கேசட் எப்போதோ பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. வேறு காப்பி கிடையாது. பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப்பில் ஐபாடைச் செருகுகிறார். ஐடியூன்ஸ் திறக்கிறது. அடுத்த நொடி, நீலத்திரை.

"வைரஸா இருக்கும், ஃபார்மேட் போட்டுரு" என்று யாராவது சொல்வார்கள். அவசரப்படாதீங்க.

நீலத்திரை ஏன்?

சாதாரண ஆப் ஒன்று தகராறு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். ஆனால் ஐடியூன்ஸை நிறுவும்போது, கருவியுடன் பேசுவதற்கான டிரைவர்களும் சேர்ந்தே வருகின்றன. இவை விண்டோஸின் மையமான கெர்னலோடு சேர்ந்து இயங்குபவை. அங்கே பிழை நேர்ந்தால், மேலும் சேதம் வேண்டாம் என்று விண்டோஸ் தானே எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

இது புதிதல்ல. 2008 செப்டம்பரில் ஐடியூன்ஸ் 8 வந்தபோது, விண்டோஸ் விஸ்டா வைத்திருந்த பலருக்கு ஐபாடையோ ஐபோனையோ செருகியதும் நீலத்திரை வந்தது. சில நாட்களிலேயே திருத்திய பதிப்பை ஆப்பிள் வெளியிட்டது. யாரும் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்ய வேண்டியிருக்கவில்லை.

முதலில் பாட்டைக் காப்பாற்றுங்கள்

* ஐபாடைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஐடியூன்ஸை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பிறகு ஆப்பிள் சாஃப்ட்வேர் அப்டேட், மொபைல் டிவைஸ் சப்போர்ட், போன்ஜூர், அப்ளிகேஷன் சப்போர்ட் என்று இதே வரிசையில் நீக்கிவிட்டு, மறுபடி ரீஸ்டார்ட்.
* இப்போது ஐபாடைச் செருகுங்கள். கிளாசிக், நானோ போன்றவை பென் டிரைவ் மாதிரித் தெரியும். டிரைவை ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால், 'வேண்டாம்'. அது மேக்கில் பயன்படுத்திய ஐபாடாக இருக்கலாம். மேக் வைத்திருக்கும் நண்பரிடம் கொண்டுபோங்கள்.
* மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் வசதியை ஆன் செய்தால் 'ஐபாட் கன்ட்ரோல்' ஃபோல்டரும், அதற்குள் 'மியூசிக்' ஃபோல்டரும் தெரியும். அதை அப்படியே காப்பி எடுங்கள். ஃபைல் பெயர்கள் புரியாத எழுத்துகளாக இருக்கும். பயப்பட வேண்டாம், பாட்டு ஓடும்.

ஐபாட் டச், ஐபோனில் இந்த வழியில் பாட்டை எடுக்க முடியாது.

அடுத்து?

காப்பி எடுத்த பிறகு ஐடியூன்ஸின் புதிய பதிப்பைப் போடலாம். ஐபாடைச் செருகும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திப் பிடித்தால் சிங்க் தானாகத் தொடங்காது. ஏனென்றால் ஓர் ஐபாட் ஒரு லைப்ரரியோடு மட்டுமே சிங்க் ஆகும். புது லைப்ரரி என்றால், 'அழித்துவிட்டு சிங்க் செய்யவா?' என்று கேட்கும். தெரியாமல் 'சரி' கொடுத்தால் வில்லுப்பாட்டு போச்சு.

அப்போதும் நீலத்திரை வந்தால் கேபிளையும் யூஎஸ்பி போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். திரையில் தெரியும் பிழைக் குறியீட்டை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் கடைக்காரருக்கு அதுதான் துப்பு.

ஐபாட் தயாரிப்பையே 2022 மே மாதத்தில் ஆப்பிள் நிறுத்திவிட்டது. கையில் இருப்பதும் என்றைக்காவது நின்றுபோகும். லேப்டாப்பை எப்போது வேண்டுமானாலும் ஃபார்மேட் போடலாம். அப்பா பதிந்த அந்த ராத்திரிக் கொடையை மறுபடி பதிய முடியாது.