தண்டுவடக் காயமும் தேசியப் பதிவேடும்

தென்னையும் கமுகும் ஏறுவோர், கட்டடச் சாரத்தில் நின்று வேலை செய்வோர், இரு சக்கர வண்டியில் விரைவோர் ஆகிய மூவகையினரையும் கேரளத்தில் ஒரே காயம் தாக்குவதுண்டு. விழுந்தவரின் முதுகெலும்பு முறிகையில், அதனுள்ளே மூளையிலிருந்து இறங்கி வரும் தண்டுவடமும் நசுங்கிவிடுகிறது. எலும்பு கூடிவிடும், தண்டுவடமோ பெரும்பாலும் பழைய நிலையை அடைவதில்லை. கழுத்தில் அடிபட்டால் கைகால் நான்கும், முதுகில் அடிபட்டால் கால்கள் இரண்டும் செயலற்றுப் போகலாம். சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் ஆற்றலும் குன்றும். உலகில் ஆண்டுதோறும் 2,50,000 முதல் 5,00,000 பேர் வரை இக்காயத்துக்கு ஆளாகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2013ஆம் ஆண்டில் மதிப்பிட்டது.

இத்தகையோருக்கு நாடு முழுவதற்குமான ஒரு பதிவேடு வேண்டும் என்று சொல்லும்போது, ‘ஆஸ்பத்திரியில்தான் ஏடு இருக்கிறதே, மற்றோர் ஏடு எதற்கு?’ என்ற ஐயம் நேயர்களுக்கு எழுவது இயல்பே. ஆஸ்பத்திரி ஏடு நோயாளி வந்த நாளையும் சென்ற நாளையும் சொல்லும். பதிவேடோ, அவர் வீடு சென்ற பின்பும் அவரைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருக்கும். வேற்றுமை இதுதான்.

இதன் பயனைத் திருவனந்தபுரமே கண்டிருக்கிறது. இம்மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் 2013ஆம் ஆண்டில் இதயச் செயலிழப்புக்காகச் சேர்க்கப்பட்ட 1,205 பேர் ஒரு பதிவேட்டில் குறிக்கப்பட்டனர். மருத்துவமனையிலேயே இறந்தோர் நூற்றுக்கு ஒன்பது பேருக்கும் குறைவு. ஏட்டை அத்துடன் மூடியிருந்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லை என்றே எண்ணியிருப்போம். மூன்றாண்டுகள் தொடர்ந்து விசாரித்தபோதோ, நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேர் இறந்துவிட்டது தெரிய வந்தது. பின்னர், இந்நகரின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் முயற்சியால், 53 மருத்துவமனைகள் சேர்ந்த தேசிய இதயச் செயலிழப்புப் பதிவேடும் உருவாயிற்று.

தண்டுவடக் காயத்துக்கு இம்முறை இன்னும் பொருத்தமானது. காயமுற்றவரின் உயிரைப் பிற்காலத்தில் பறிப்பவை பெரும்பாலும் படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று, மூச்சுக் கோளாறு முதலியனவே. உரிய வேளைகளில் புரட்டிப் படுக்க வைத்தலும், தூய்மையாகக் குழாய் இட்டுச் சிறுநீர் வெளியேற்றலும் இவற்றுள் பலவற்றைத் தடுக்கும். யாருக்கு, எந்த மாதத்தில், எதனால் புண் வந்தது என்பது ஏட்டில் இருந்தால்தானே எங்கே செவிலியரை அனுப்ப வேண்டும் என்பது புலனாகும்?

இனி, வெளிமாநிலத் தமிழருக்கு இதில் என்ன என்று பார்ப்போம். தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளி ஒருவர் இங்கே சாரத்திலிருந்து விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சை முடிந்ததும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டி, உறவினர் அவரைச் செங்கோட்டை வழியாகவோ களியக்காவிளை வழியாகவோ ஊருக்குக் கொண்டு செல்வர். கேரளத்தில் உள்ளாட்சியின் சார்பில் வீடு தேடி வரும் செவிலியர் இருக்கின்றனர். தமிழ்நாட்டிலும் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நடைபெறுகிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், தாமே தண்டுவடக் காயமுற்ற எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கமும் இருக்கிறது. உதவி இரு பக்கமும் உண்டு. இவர் ஊர் திரும்பினார் என்ற செய்திதான் எல்லையைக் கடப்பதில்லை. மாநிலத்துக்கு ஓர் ஏடு போதாது, நாட்டுக்கு ஓர் ஏடு வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

அதைக் கட்டுவது எங்ஙனம்? முதலாவது, எல்லா மருத்துவமனைகளும் ஒரே வினாக்களைக் கேட்க வேண்டும்: காயம் எதனால், எப்போது, எவ்விடத்தில்? காயத்தின் கடுமையை ஐந்து படிகளாக வகுக்கும் சர்வதேச முறை ஒன்று ஏற்கெனவே உண்டு. இரண்டாவது, நோயாளியின் சம்மதம் பெற்று, அவர் விவரங்களை அந்தரங்கமாகக் காக்க வேண்டும். மூன்றாவது, குறித்த காலத்தில் அவரை அழைத்து விசாரிக்க ஊதியம் பெறும் ஊழியர் வேண்டும். அமெரிக்காவின் தேசியத் தரவுத் தொகுப்பு 1973 முதல் நிலைத்து வருவது இத்தகைய தொடர் விசாரணையால்தான்.

நான்காவது மொழி. ‘உணர்ச்சி இருக்கிறதா?’ என்று கேட்டால், நோயாளி தம் மனத்துயரைச் சொல்லத் தொடங்கலாம். ‘காலைத் தொட்டால் தெரிகிறதா?’ என்று கேட்டால்தான் மருத்துவருக்கு வேண்டிய விடை கிடைக்கும். அவரவர் தாய்மொழியில், அவரவர்க்கு விளங்கும் சொற்களில் வினாக்கள் அமையாவிட்டால் ஏட்டில் பிழையே நிறையும்.

இத்தகைய ஏடு நிறைவடையும் வரை, அதன் வேலையில் ஒரு பகுதியைக் குடும்பமே செய்துகொள்ளலாம். ஆஸ்பத்திரியிலிருந்து புறப்படுமுன் டிஸ்சார்ஜ் சீட்டையும் படங்களையும் கேட்டு வாங்குங்கள். ஊர் சேர்ந்ததும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவற்றைக் காட்டிப் பெயரைப் பதிவு செய்யுங்கள். புண் தோன்றிய நாளையும் காய்ச்சல் வந்த நாளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்து வரும் மருத்துவருக்கு அதைவிடச் சிறந்த வழிகாட்டி வேறில்லை.