குடிமைப் பாடமும் கணினியும்: ஆசிரியருக்கு என்ன பயிற்சி வேண்டும்?

சமண முனிவர் பவணந்தியார் இயற்றிய நன்னூல், இலக்கணம் தொடங்குமுன் ஆசிரியரின் இலக்கணத்தைச் சொல்கிறது. நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்று நான்கு உவமை. ஆசிரியராகத் தகாதவருக்கும் உவமை உண்டு. அதில் ஒன்று கழற்பெய் குடம். கழற்சிக்காயைக் குடத்தில் போட்டுக் கவிழ்த்தால், போட்ட வரிசையில் வராது, முன்பின்னாக விழும். தான் கற்றதை முறை தப்பிச் சொல்பவர் அப்படி.

இன்று அந்தக் குடத்துக்குப் பதிலாக ஸ்மார்ட் போர்டு வந்திருக்கிறது. பயிற்சிகளும் நடக்கத்தான் செய்கின்றன. 2017-ல் மத்திய அரசின் 'திக்‌ஷா' தளம் தொடங்கியது. 2019-ல் 'நிஷ்டா' என்ற ஆசிரியர் பயிற்சி வந்தது. கொரோனா காலமான 2020-ல் அதுவும் திக்‌ஷா வழியாகவே நடந்தது. நல்லதுதான். ஆனால் கருவியை இயக்கப் பழகுவது வேறு, அதை வைத்துக் குடிமை கற்பிப்பது வேறு.

தேர்தல் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்டால் பாடம் முடிந்துவிடுமா? 2002, 2003-ம் ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புகளால், வேட்பாளர்கள் தங்கள் குற்ற வழக்கு, சொத்து, கடன், கல்வி ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியாக வேண்டும். அது தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கக் கிடைக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியை அந்தப் பத்திரத்தோடு மாணவர்களை ஒப்பிடச் செய்தால், அதுவே குடிமைப் பாடம்.

இதைச் செய்ய வைக்கும் ஆசிரியர் முதலில் தாமே செய்து பார்த்திருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் தம் பெயரைத் தேட வேண்டும். 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு கேள்வி அனுப்பிப் பார்க்க வேண்டும். மத்திய அரசு அலுவலகங்களுக்கு இணையத்திலேயே அனுப்பலாம். கட்டணம் 10 ரூபாய்தான். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. இப்படி ஒரு தடவை காத்திருந்து பார்த்தவர் சொன்னால் பசங்க மனசில் நிற்கும்.

இன்னொன்று, நிறைகோல். தராசு பிடித்துப் பழகிய வியாபாரிக்கு இது தெரியும்: ஆளுக்கு ஒரு எடைக்கல் வைக்கக் கூடாது. தமக்குப் பிடித்த கட்சிக்காரரின் பத்திரத்தையும் பிடிக்காதவரின் பத்திரத்தையும் ஆசிரியர் ஒரே கேள்வியால் நிறுக்க வேண்டும். ஒரு பொருளைப் பல பக்கமும் நின்று பார்க்கச் சொல்லும் சமணரின் அநேகாந்தமும் இதைத்தான் சொல்கிறது. எந்தப் பயிற்சி முகாமிலும் முதலில் பழக வேண்டியது இதுவே.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. பிழைக்க வந்த ஊரில் வார்டு உறுப்பினர் பெயர்கூடத் தெரியாமல் பலர் காலம் தள்ளுகிறோம். ஊரிலுள்ள வாக்கை இங்கே மாற்றிக்கொள்ளப் படிவம் 8 இருக்கிறது. பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது, "எத்தனை கணினி வாங்கினீர்கள்?" என்பதோடு நிறுத்திவிடாமல், "அதில் பிள்ளைகள் என்ன கேள்வி கேட்டார்கள்?" என்றும் கேட்போம். நாம் கேட்டால்தான் பள்ளியும் யோசிக்கும்.