கல்லுக்கு முந்திய இசைத்தட்டு

முன்னோர் பாடியதைத் திரும்பப் பாடுவது வெறும் நகல் என்கிறார் என் விடுதி நண்பர். நான் ஒப்பவில்லை. அமெரிக்கக் கறுப்பினப் பாடகி பெஸ்ஸி ஸ்மித் 1937-இல் கார் விபத்தில் இறந்தார். 1970 வரை அவர் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் இல்லை. ஆனால் 1958-லேயே டைனா வாஷிங்டன், பெஸ்ஸி பாடிய பாடல்களைப் பாடி ஓர் இசைத்தட்டு தந்துவிட்டார். கல்லை முந்திக்கொண்டது தட்டு!

1963 டிசம்பரில், தம் 39-ஆம் வயதில், டைனாவும் மறைந்தார். மறு பிப்ரவரியில் அவர் நினைவாக வந்தது அரேதா ஃபிராங்க்ளினின் 'அன்ஃபர்கெட்டபிள்'. அரேதாவுக்கு அப்போது வயது 21. 'திஸ் பிட்டர் எர்த்' பாடலை இருவர் குரலிலும் அடுத்தடுத்துக் கேட்டேன். டைனா ஒவ்வொரு சொல்லையும் நறுக்குத் தெறித்தாற்போல் உச்சரிக்கிறார். அரேதாவோ அதே சொற்களை இழுத்து, இழைத்து, திடீரென ஓங்குகிறார். நண்பரே, இதில் நகல் எங்கே?